எச்.ஆர். ஆலோசகருக்கு என்ன கிடைக்கும்? பனியன் கம்பெனியிலிருந்து ஒரு கேள்வி

கேட்டவர் எம்.பி.ஏ.வில் எச்.ஆர்., அதாவது மனிதவள மேலாண்மை, படித்த பெண். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மூன்று வருடமாக எச்.ஆர். எக்சிகியூட்டிவ். சம்பளம் 18,000 ரூபாய். அவர் கேட்டது: "எங்கள் கம்பெனிக்கு மாதம் இரண்டு நாள் ஓர் ஆலோசகர் வருகிறார். அவருக்கு 15,000 கொடுக்கிறார்கள். நான் இருபத்தாறு நாள் உட்கார்ந்து வாங்குவதை அவர் இரண்டே நாளில் வாங்கிக்கொண்டு போகிறார். நானும் அப்படி ஆக எத்தனை வருடம் ஆகும்? மாதம் எவ்வளவு வரும்?"

நான் இந்தத் துறைக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. கோவை நூற்பாலையில் ஆரம்பித்து, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று பதினான்கு வருடம் சம்பளத்துக்கு இருந்தேன். கடைசி ஒன்பது வருடமாகச் சொந்தமாக ஆலோசனை. ஆகவே இரண்டு பக்கக் கணக்கையும் சொல்ல முடியும்.

முதலில் அந்த 15,000-ஐப் பிரித்துவிடலாம். பில் கொடுத்தால் டி.டி.எஸ். என்று 10 சதவீதம் வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 13,500 தான் தருவார்கள். அதுவும் பாதி கம்பெனிகளில் கேட்டால்தான் வரும். "ஷிப்மென்ட் போகட்டுங்க சார், பேமென்ட் வந்ததும் போட்டுடறோம்" என்பதைக் கேட்காத ஆலோசகர் கொங்கு நாட்டில் கிடையாது. எனக்கு இன்றைக்கும் இரண்டு பேர் ஆறு மாத பாக்கி. வண்டி, பெட்ரோல், உதவியாளர் சம்பளம் எல்லாம் அந்த 13,500-க்குள்தான். இரண்டு நாள் என்று நீங்கள் எண்ணுவது அவர் உங்கள் நாற்காலிக்கு எதிரே உட்காரும் நாளை மட்டும்.

மிச்ச நாளில் அவர் என்ன செய்கிறார் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு ஒரு முதலாளியிடமிருந்து போன். "சார், பையன் ஒருத்தன் கை கட்டிங் மிஷின்ல மாட்டிருச்சுங்க. ரெண்டு விரல். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். ஈ.எஸ்.ஐ. இன்னும் போடலைங்க. முந்தா நாள் தேதி போட்டு ஏத்திரலாமுங்களா?" பையன் எப்போது சேர்ந்தான் என்று கேட்டேன். "திங்கக்கிழமைங்க." அன்றைக்கு வியாழன். சேர்ந்து நாலாம் நாள். வேலைக்குச் சேர்ந்த பத்து நாளுக்குள் ஒருவரைப் பதிவு செய்ய ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டு, விதியில் இடம் இருக்கிறது. வேலை விபத்துக்கான பலன் கிடைக்க இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆக எந்தத் தேதியையும் மாற்ற வேண்டாம். உண்மையான சேர்ந்த தேதியைப் போட்டு அன்றைக்கே பதிவு, 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கை, வருகைப் பதிவேட்டில் அந்த நாலு நாள் கையெழுத்து, மேஸ்திரியிடம் ஒரு வாக்குமூலம். அவ்வளவுதான் வேலை. முதலாளி பதற்றத்தில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தார். அதைப் போட்டிருந்தால் ஒழுங்கான ஒரு கேஸ் மோசடிக் கேஸாக மாறியிருக்கும். ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் தான் கொடுக்கும் தொகையை முதலாளியிடமே வசூலிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தப் பையனுக்குச் சிகிச்சையும் கிடைத்தது, உடல் ஊனத்துக்கான மாதத் தொகையும் வந்தது. நான் பேசியது பதினோரு நிமிடம். அந்தக் கம்பெனி எனக்குத் தரும் மாத 8,000 அந்தப் பதினோரு நிமிடத்துக்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். மற்ற மாதங்களில் ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதும் அதில் சேர்த்தி.

இப்போது என் கணக்கு. மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் யாரும் சொல்வதில்லை. என்னிடம் பதினேழு கம்பெனிகள். ஒன்பது சின்னது, கம்பெனிக்கு மாதம் சராசரி 4,000. ஐந்து நடுத்தரம், தலைக்கு 10,000. மூன்று பெரியது, 22,000 வீதம். கூட்டினால் மாதம் 1,52,000. இதில் இரண்டு உதவியாளர் சம்பளம் 33,000, ஆபீஸ் வாடகை 9,000, வண்டிச் செலவு 11,000, சாப்ட்வேர், நெட், பிரின்டிங் என்று 6,000 போனால் 93,000 நிற்கும். அதன்மேல் விசாரணை, பயிற்சி என்று வருடத்துக்கு இரண்டு, இரண்டரை லட்சம் தனியாக வரும். அதைச் சேர்த்தால் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் போட்டுத்தான் பில். சின்னக் கம்பெனிக்காரருக்கு அந்த 18 சதவீதம் கண்ணை உறுத்தும். "பில் இல்லாம வாங்கிக்கங்க" என்பார். வாங்கக் கூடாது. ஊருக்கெல்லாம் ரெக்கார்டு சரியாக வையுங்கள் என்று சொல்லிவிட்டு நம் ரெக்கார்டு இல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம்?

என்னோடு ஓசூரில் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் வேலையை விடவில்லை. இன்று ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் எச்.ஆர். தலைவர். மாதம் இரண்டரை லட்சத்துக்குக் குறையாமல் வாங்குகிறார், கம்பெனி கார், குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு. எனக்கு வீட்டுக் கடன் வாங்க மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் காட்ட வேண்டியிருந்தது. அவருக்கு சம்பளச் சீட்டு போதும். ஆலோசகர் என்றால் கொள்ளைக் காசு என்ற நினைப்பு உங்களுக்கு இருந்தால் இந்த இடத்திலேயே அதை இறக்கி வைத்துவிடுங்கள். நான் தனியாக வந்தது அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊர்ப்பக்கம் இருக்க வேண்டியிருந்ததால். முதல் வருடம் நாலே கம்பெனி, மாதம் 14,000. மனைவியின் ஆசிரியர் சம்பளம்தான் வீட்டை ஓட்டியது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் "எச்.ஆர். அட்வைசர்" என்று தேடினால் பவுண்டிலும் டாலரிலும் பெரிய பெரிய எண்கள் வரும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவில் அது ஒரு கம்பெனிக்குள் இருக்கும் நடுமட்டப் பதவியின் பெயர். உதவியாளருக்கு மேலே, மேனேஜருக்குக் கீழே. நம் ஊரில் ஆலோசகர் என்றால் வெளியாள். இரண்டையும் ஒப்பிட்டு ஏங்க வேண்டாம்.

சம்பள வேலையில் ஏணி எப்படிப் போகிறது என்று கேட்டால், நான் பார்த்த வரை சொல்கிறேன். எம்.பி.ஏ. முடித்த புதியவருக்கு திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் 14,000 முதல் 20,000. சென்னை, ஓசூரில் 18,000 முதல் 28,000. ஐந்து முதல் எட்டு வருடம் ஆனவருக்கு, அதுவும் சட்டப் பக்கமோ சம்பளக் கணக்குப் பக்கமோ கை தேர்ந்திருந்தால், 45,000 முதல் 80,000. பன்னிரண்டு, பதினைந்து வருடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு மேனேஜர் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டும். அதே நேரத்தில் ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யிலோ மும்பை டிஸ்ஸிலோ படித்துவிட்டு வருபவர் முதல் நாளே வருடத்துக்கு 25 லட்சத்துக்கு மேல் ஆரம்பிப்பார். ஒரே "எச்.ஆர்." என்ற பெயர், கதவு வேறு. அந்தக் கதவு நமக்கு மூடிவிட்டது என்பதை நான் இருபத்தைந்து வயதில் ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நாள் கசப்பாக இருந்தது. அப்புறம் பார்த்தால் அவர்களில் பலருக்கு ஒரு தொழிலாளியின் கூலிச் சீட்டைக் கையில் கொடுத்தால் அதில் எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. அங்கேதான் நமக்கு இடம் இருக்கிறது.

எச்.ஆருக்குள் எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள் என்பதும் சம்பளத்தை மாற்றும். ஆள் எடுப்பதை மட்டும் செய்பவர், அதாவது போர்ட்டலில் விளம்பரம் போட்டு, போன் அடித்து, இன்டர்வியூவுக்கு நேரம் குறிப்பவர், சீக்கிரம் ஓரிடத்தில் தேங்கிவிடுவார். தனியாக கன்சல்டன்சி வைத்து ஆள் பிடித்துக் கொடுத்தால் வழக்கமான கட்டணம் ஆளின் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம். இந்த 8.33 நம் தொழிலில் சுற்றிச் சுற்றி வரும். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். பி.எஃப்.பில் முதலாளி பங்கிலிருந்து பென்ஷனுக்குப் போவதும் 8.33. மாயம் ஒன்றும் இல்லை, பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு மாதச் சம்பளம். புதிதாக வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். மூன்று இடத்தையும் சொல்லி, ஏன் என்றும் சொல்பவர் இதுவரை மூன்று பேர்தான் கிடைத்திருக்கிறார்கள். மூவரும் இன்று நன்றாக இருக்கிறார்கள்.

நீங்கள் வேறு கம்பெனிக்கு மாறும்போது "சி.டி.சி. மூணு லட்சத்து அறுபதாயிரம்" என்று ஆசை காட்டுவார்கள். சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, கைக்கு வரும் சம்பளம் இல்லை. எச்.ஆர். ஆளே இதில் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மாதம் 30,000 என்று வகுத்து மகிழ வேண்டாம். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். முதலாளியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 1,800. கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது தரும் பணிக்கொடை, என்று 4.81 சதவீதம், 721. ஆண்டு இறுதியில் தந்தால் தரலாம் என்ற வேரியபிள் 3,000. இவை மூன்றும் போய் மொத்தச் சம்பளம் 24,479. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, அப்புறம் தொழில் வரி. கைக்கு வருவது 22,500 ரூபாய் சுற்றித்தான். ஈ.எஸ்.ஐ.க்குக் கணக்காகும் கூலி அதன் வரம்பான 21,000-ஐத் தாண்டினால் அதிலிருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள். கம்பெனி தனிக் காப்பீடு தருகிறதா என்று கேளுங்கள். இந்த 4.81 எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கிராஜுவிட்டிக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி, மாதம் இருபத்தாறு நாள் கணக்கு. பதினைந்தை இருபத்தாறால் வகுத்து, பிறகு பன்னிரண்டால் வகுத்தால் 4.81 சதவீதம். நிரந்தர வேலைக்காரர் ஐந்து வருடத்துக்குள் விலகினால் அந்தப் பணம் கைக்கே வராது. ஆனாலும் சி.டி.சி.யில் எழுதிக் காட்டுவார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 பழைய மத்தியச் சட்டங்களை அடக்கியவை. அலவன்ஸ்கள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் கூலியாகவே கணக்காகும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, அலவன்ஸை ஊதிக் காட்டி பி.எஃப்., கிராஜுவிட்டியை மிச்சம் பிடித்த கம்பெனிகளுக்கு இது நெஞ்சு வலி. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுத்தவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. எங்களைப் போன்றவர்களுக்கு இதனால் வேலை கூடியிருக்கிறது, உண்மையைச் சொன்னால் வருமானமும். சட்டம் மாறும் வருடம்தான் ஆலோசகருக்கு அறுவடை. ஆனால் படிக்காமல் அரிவாள் வைக்க முடியாது. நான் ஐம்பதை நெருங்கும் வயதில் இரவு பதினொரு மணி வரை நோட்டுப் போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன். வாயில் இன்னும் பழைய பிரிவு எண்கள்தான் வருகின்றன. கூலி ஒப்பந்தம் என்றால் "12(3) போட்டாச்சா, 18(1)-ஆ" என்றுதான் கேட்போம். முதலாவது அரசு அதிகாரி முன் போடும் ஒப்பந்தம், இரண்டாவது இரு தரப்பும் நேராகப் போட்டுக்கொள்வது. அது 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின் பாஷை.

மாதம் எப்படி ஓடும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தாம் தேதியிலிருந்து பதினைந்து வரை எங்கள் ஆபீசில் யாரும் கல்யாணத்துக்குக் கூடப் போக மாட்டோம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டுக்கும் பதினைந்துதான் கடைசி. கம்பெனிகளிலிருந்து வருகைக் கணக்கு தாமதமாகத்தான் வரும், ஒருவருக்கு ஆதார் பெயரும் யூ.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாது, ஒடிசாக்காரப் பையனின் அப்பா பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருக்கும். பி.எஃப்.பில் முதலாளி பங்கு 12 சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும். 15,000 சம்பளத்துக்கு அந்த 1,800-இல் 1,250 பென்ஷனுக்கும் 550 மட்டும் கணக்கிலும் போகிறது என்பதைத் தொழிலாளியிடம் விளக்கத் தெரிந்தவர் குறைவு. "என் காசை கம்பெனி சாப்பிட்டுருச்சு" என்ற பாதிச் சண்டை அங்கிருந்துதான் கிளம்பும். இதைத் தமிழில், முடிந்தால் இந்தியிலும், ஒரு தாளில் எழுதிக் காட்டத் தெரிந்தால் உங்கள் மதிப்பு உயரும்.

இந்தி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 மார்ச் மாத ஆரம்பத்தில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலி நெருங்கிய சமயம். பண்டிகைக்கு ஊருக்குப் போன கூட்டத்தையும் பயந்து ஓடும் கூட்டம் என்று காட்டினார்கள். திருப்பூரில் பல கம்பெனி ஹாஸ்டல்களில் இரவெல்லாம் பையன்கள் தூங்கவில்லை. எனக்குத் தெரிந்து அந்த வாரம் ஒரு கம்பெனியைக் காப்பாற்றியது அங்கே டைம் ஆபீசில் இருந்த ஒரு பெண். பாட்னாவிலிருந்து வந்தவர்களின் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, அவர்கள் அம்மாக்களிடம் உடைந்த இந்தியில் அவரே பேசினார். மறு வருடம் அவர் சம்பளம் 16,000-இலிருந்து 27,000 ஆனது. எந்த எம்.பி.ஏ. பாடத்திலும் இது இல்லை.

பனியன் கம்பெனி எச்.ஆர். வேலையின் பெரும்பகுதி கம்ப்ளையன்ஸ், அதாவது சட்டமும் விதியும் சரியாக நடப்பதைக் காட்டுவது, என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வருவதற்கு முந்தைய இரவு என்ன நடக்கும் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை ஷிப்ட் ஓட்டியதை ஒரு ஷிப்ட் என்று காட்டும் இரண்டாவது பதிவேடு, ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று டைலர்களுக்குப் பாடம். நான் ஆலோசகரான இரண்டாம் வருடம் எனக்கிருந்த பெரிய வாடிக்கையாளர் இதைச் செய்து தரச் சொன்னார். மாதம் 18,000 தந்துகொண்டிருந்தவர். அன்றைய என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. முடியாது என்றேன். நல்லவனாக இருந்ததால் என்று நினைக்க வேண்டாம், பயத்தில்தான் சொன்னேன். இரண்டு கணக்கு எழுதினால் முதலில் மாட்டுவது எழுதியவர் கை. அடுத்த மாதமே வேறு ஆளை வைத்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்தை நிரப்ப ஒன்பது மாதம் ஆனது. உங்கள் ஆலோசகர் இந்த வேலையைச் செய்பவரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரைப் போல ஆக வேண்டும் என்று கேட்கும் முன் அதை யோசியுங்கள்.

இதற்குப் பதிலாகக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி கொடுத்தால் ஒரு பீஸுக்கு எத்தனை பைசா கூடுகிறது, அந்தப் பைசாவை பையரிடம் எப்படிக் கேட்பது என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். பாதி முதலாளிகள் கேட்க மாட்டார்கள். கேட்கும் பாதி பேர் பத்து வருடம் நம்மை விட மாட்டார்கள்.

காசு எங்கே அதிகம் என்று நேராகக் கேட்டால், பிரச்சினை இருக்கும் இடத்தில். ஒரு தொழிலாளி மேல் ஒழுங்கு நடவடிக்கை என்றால் உள்விசாரணை நடத்த வெளியிலிருந்து விசாரணை அதிகாரி வேண்டும். குற்றச்சாட்டுக் கடிதம், விளக்கம், சாட்சி, குறுக்கு விசாரணை, கடைசியில் அறிக்கை. ஓர் அமர்வுக்கு 2,500 முதல் 5,000 வரை வாங்குகிறேன். சிலது பத்துப் பன்னிரண்டு அமர்வு இழுக்கும். தற்காலிக நீக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிக் கூலி, அடுத்த 90 நாள் முக்கால், அதற்குமேல் முழுக் கூலி தர வேண்டும். இது தெரியாமல் விசாரணையை ஒன்றரை வருடம் இழுத்து, வேலை வாங்காமலே முழுச் சம்பளம் கொடுத்த கம்பெனியைப் பார்த்திருக்கிறேன். அதேபோல இருபத்து நாலு மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். "ஆறு மாசத்துக்கொருக்கா நிறுத்தி எடுத்தாப் போதுமுங்க" என்று எவரோ சொல்லிக் கொடுத்ததை நம்பி வருடக்கணக்காக ஓட்டுவார்கள். ஆறு மாதம் வேலை, பத்து நாள் இடைவெளி என்று இரண்டு வருடத்தைக் கூட்டிப் பாருங்கள், 480 தாண்டும். கூட்டிப் பார்க்க ஒருவரும் உட்காருவதில்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் சங்கத்தோடு பேசத் தெரிந்தவருக்குத் தனி விலை. 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலை வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. கூலியோடு சேர்ந்து சங்க அங்கீகாரம்தான் பெரிய கேள்வியாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் ஆலோசகர்களைத் தேடி வந்த போன்கள் கூடின. சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918-இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்த மண் இது. சங்கமே வேண்டாம் என்று நினைக்கும் எச்.ஆர். இங்கே அதிக நாள் நிற்க மாட்டார். ஆபத்தும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 2009-இல் கோவையிலும் 2012-இல் ஹரியானாவின் மானேசரிலும் தொழில் தகராறில் எச்.ஆர். அதிகாரிகள் உயிரிழந்தார்கள். முதல் செய்தி வந்த அன்று நான் ஓசூரில் இருந்தேன். என் அம்மா போன் செய்து, "இந்த உத்தியோகம் நமக்கு எதுக்கு சாமி, வந்துரு" என்றார். நிர்வாகம் எடுத்த முடிவைத் தொழிலாளி எதிரே நின்று சொல்பவர் நாம்தான், முடிவெடுத்தவர் ஏசி அறையில் இருப்பார். அதற்கான தொகையும் சேர்த்துத்தான் சம்பளத்தில் இருக்கிறது.

பெண் என்பதால் உங்களுக்கு ஒரு வழி கூடுதலாகத் திறந்திருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் வருடச் சட்டம். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியருக்கு, வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் கட்டாயம். டைலரிங், செக்கிங் என்று பெண்களே நிரம்பிய ஊரில் இந்த வெளி உறுப்பினராக உட்காரத் தகுதியான ஆள் கிடைப்பதில்லை. மத்திய விதியில் ஒரு நாளுக்கு 200 ரூபாய் படி, மூன்றடுக்கு ஏசி ரயில் கட்டணம் என்றுதான் எழுதியிருக்கிறது. நடைமுறையில் பயிற்சி வகுப்பும் சேர்த்து வருடக் கட்டணமாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் அறிந்த ஒரு பெண் ஆலோசகர் கம்பெனிக்கு வருடம் 20,000 வாங்குகிறார், முப்பது கம்பெனி வைத்திருக்கிறார். ஹாஸ்டல் பெண்கள் அவரிடம் பேசுவார்கள். என்னிடம் பேச மாட்டார்கள்.

படிப்புப் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர் என்பது சட்டம் கேட்கும் பதவி. பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் 500 பேர் இருந்தால் கட்டாயம். புதிய தொகுப்பில் 250 பேர். ஆக இடங்கள் கூடும். ஆனால் அதற்கு எல்லாப் பட்டமும் செல்லாது. விதியில் சொல்லியிருக்கும் படிப்புகளில் உங்கள் பட்டம் வருகிறதா என்று பாருங்கள். சென்னையில் அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இதற்கென்றே தொழிலாளர் மேலாண்மையில் பட்டமும் பட்டயமும் தருகிறது. தொழிலாளர் சட்டங்களுக்கென்று வார இறுதிப் பட்டயப் படிப்பும் உண்டு. நான் வேலையில் இருந்துகொண்டே அப்படிப் படித்தவன்தான். ஓசூரிலிருந்து சனிக்கிழமை பஸ் ஏறி, திங்கள் காலை ஷிப்டுக்குத் திரும்புவேன். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் பட்டம் படித்தவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. 1952-இல் ஆரம்பித்த மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இதற்கு ஆள் தயார் செய்துவருகிறது.

ஆக, எத்தனை வருடம் என்ற உங்கள் கேள்விக்கு: இப்போதே வெளியே வராதீர்கள். மூன்று வருடத்தில் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி பிரச்சினையைத்தான் பார்த்திருப்பீர்கள். இன்னும் ஏழெட்டு வருடம், குறைந்தது இரண்டு கம்பெனி மாறி இருங்கள். ஒன்று 300 பேருக்கு மேல் இருக்கும் இடமாக, அதாவது நிலையாணைகள் என்ற எழுத்துபூர்வ வேலை விதிகளை வைத்தே ஆக வேண்டிய இடமாக இருக்கட்டும். மற்றொன்று சங்கம் இருக்கும் இடமாக. ஒரு தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தையில் முதல் நாளிலிருந்து கடைசி இரவு வரை உட்காருங்கள், குறைந்தபட்சமான 8.33-க்கும் உச்சமான 20-க்கும் நடுவில் ஒவ்வொரு அரை சதவீதமும் எப்படி நகர்கிறது என்று அங்கேதான் தெரியும். ஒரு விபத்துக் கேஸ், ஒரு உள்விசாரணை, ஒரு பி.எஃப். ஆய்வு, இந்த மூன்றையும் உங்கள் கையாலேயே ஆரம்பித்து முடித்திருக்க வேண்டும். அதற்குள் உங்கள் சம்பளம் 55,000, 60,000 வந்திருக்கும். அப்புறம் வெளியே வந்தால் முதல் இரண்டு வருடம் அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்து, அதற்கான பணத்தைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

அதுவரை அடுத்த முறை அந்த ஆலோசகர் வரும்போது டீ வாங்கிக் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் முதலில் எந்தப் பதிவேட்டைக் கேட்கிறார், எந்தப் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்துகிறார் என்று பாருங்கள். நான் போகும் இடத்தில் முதலில் கேட்பது விலகிப் போனவர்களின் பட்டியல். தனக்கு வர வேண்டிய கடைசிக் கணக்குப் பணத்தை வாங்காமலே போனவர் எத்தனை பேர் என்று எண்ணுவேன். உங்கள் கம்பெனியில் போன வருடம் அப்படி எத்தனை பேர்? அந்த எண் உங்கள் மேஜை டிராயரிலேயே இருக்கிறது, இன்று மாலை எடுத்துப் பாருங்கள்.